உறைதல்

கத்திரி வெயில். புதுவயல் சாலையில் தார் இளகுகிறது.
இறால் ஏற்றிய ஃப்ரீசர் லாரியின் கதவைத் திறந்ததும்
வெண்புகை எங்கள் முழங்காலில் வந்து மோதியது.

உள்ளே, சரிந்த பெட்டிகளுக்கு அடியில்
நயினா முகமது, ஜெகதாபட்டினம், வயது இருபத்து மூன்று.
அடுக்கைச் சரிசெய்ய ஏறியவன்.
அது தெரியாமல் தாழிட்டுவிட்டுப்
பரோட்டாவுக்குப் போன டிரைவர்
தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொள்கிறார்.
முக்கால் மணி நேரம். மைனஸ் பதினெட்டு.

தொடையில் எலும்பு வெளியே தெரிகிறது.
கட்டை இறுக்குகிறேன். கசிகிறது.
மேலே இன்னொன்று. கசிகிறது.
உடம்பு உறைந்தால் ரத்தம் உறையாது.
பயிற்சி வகுப்பில் இதைச் சொன்னபோது
ஊட்டிக்காரர்கள் எழுதிக்கொண்டார்கள்.
நான் காரைக்குடி; பேனாவை மூடி வைத்திருந்தேன்.

"நல்லாத் தேயுங்கம்மா, சூடு ஏறட்டும்"
"எழுப்பி உக்கார வைங்க"
"ஒரு மடக்கு டீ குடுங்க"
கூட்டத்துக்கு எப்போதும் கைகள் அதிகம்.
தொடாதீங்க, என்றேன்.
குலுங்கினால் நின்றுவிடக்கூடிய இதயத்தை
நிறைகுடம்போல இறக்கினோம்.

ஈரச் சட்டையை வெட்டி எறிந்தேன்.
அடைக்கலம் அண்ணன் எதிர் ரைஸ்மில்லுக்கு ஓடி
அவித்த நெல்லைத் துண்டுகளில் முடிந்துவந்தார்.
முழங்கையில் வைத்துப் பார்த்தேன்:
பிள்ளைக்கு ஊற்றுகிற வெந்நீர்ச் சூடு.
அக்குளில் இரண்டு, நெஞ்சோரம் இரண்டு.
கைகால் காத்திருக்கட்டும்.

"ஏசிய நிறுத்துங்கண்ணே. கண்ணாடிய ஏத்துங்க."
திரும்பிப் பார்த்தார். நிறுத்தினார்.
நாற்பத்தொரு டிகிரியில் மூடிய ஆம்புலன்ஸ்.
சலைன் பையை என் அக்குளில் இடுக்கிக்கொண்டேன்.
என் வியர்வை அவன் போர்வையில் சொட்டாமல்
முகத்தைத் தோளில் துடைத்துத் துடைத்து வந்தேன்.
வண்டி முழுக்க இறால் வாடை, புழுங்கல் வாசனை.

அவன் நடுங்கவில்லை. அதுதான் பயம்.

கண்டனூர் தாண்டி ஒரு வேகத்தடையில்
அவன் தாடை ஒருமுறை தட்டியது.
வண்டி தட்டியதா, அவனா?
மூச்சை அடக்கிக் காத்திருந்தேன்.
மறுபடி. பிறகு தோள். பிறகு
ஸ்ட்ரெச்சரே கடகடவென்று.
நடுங்குடா, நடுங்கு, நல்லா நடுங்கு என்று
கையைப் பிடித்துக் கெஞ்சினேன்.

சாயங்காலம் கட்டுப்பாட்டு அறையிலிருந்து போன்.
"புதுவயல் கேஸ்ல காரணம் கடுங்குளிர்னு இருக்கு.
மே மாசம் மேடம். தப்பா அடிச்சிட்டீங்களா?"

இல்ல தம்பி, சரிதான், என்றேன்.
கழுத்துப் பட்டையில் ஒட்டியிருந்த நெல்லைக் கிள்ளி எடுத்துவிட்டு
ஃபேனை ஐந்தில் வைத்தேன்.