தூக்கிய கை

மார்ச் மாதம் நான் கை தூக்கியது
வளைவுக்காக அல்ல.
எட்டே முக்கால் ஆகிவிட்டிருந்தது.
மெர்பேங்க் மண்டபத்தின் ஜன்னல் வழியே
எண்ணெய் ஆலையின் அழுகிய முட்டை வாடை.
என்னை வீட்டில் இறக்கிவிட வேண்டிய பிரேமி
கார் சாவியை மடியில் குலுக்கிக்கொண்டிருந்தாள்.
வாசலுக்கு இரும்பு வளைவு,
அதில் 'ஐக்கிய ஈமச் சகாய சங்கம்' என்று தமிழில்,
நாற்பத்தெட்டாயிரம் ராண்ட்.
ஆதரிப்பவர்கள்? என்றார் தலைவர் மூட்லி.
வீட்டுக்குப் போவதை நான் ஆதரித்தேன்.
குறிப்பேட்டில் எழுதியதும் நானே:
நிறைவேறியது.

ஜூனில்
எங்கள் சவ வண்டி கிளேர் எஸ்டேட் ஏற்றத்தில் நின்றது.
உள்ளே பாக்கியம் நாயக்கர்.
பின்னால் பதினோரு கார்,
ஒரு பால் லாரி, அதன் ஹார்ன்.
தள்ளிய ஆறு பேரில் கோனசீலன் ஒருவர்,
மார்ச்சில் எழுந்து நின்று
முதலில் கியர் பெட்டி, பிறகு வளைவு என்று சொல்லித்
தோற்றவர்.

அன்று மாலை
கிரீஸ் அப்பிய அதே வெள்ளைச் சட்டையோடு,
விதிப்புத்தகத்தோடு என் சமையலறையில்.
"நான் கேட்டால் அது தோற்றவனின் பொருமல்.
விதி பதினேழைப் பாருங்கள்.
முடிவைத் திரும்பத் திறக்க
அதற்குக் கை தூக்கியவர்தான் கேட்கலாம்.
நீங்கள் தூக்கினீர்கள். நான் பார்த்தேன்."

தேநீர் ஆறி ஆடை படிந்தது.
பிழை என்று சொல்லும் உரிமையைப்
பிழை செய்தவருக்கே ஒதுக்கி வைத்தவர் யாரோ.
கரும்புத் தோட்டத்தில் கணக்குக் கேட்டு
அடி வாங்கியவராய் இருக்கலாம்.
வெறும் குமாஸ்தாவாகவும் இருக்கலாம்.

முன்னறிவிப்புக்குப் பதினான்கு நாள் வேண்டும்.
கிடைத்தது பதின்மூன்று.
ஆகவே பாதியும் ஒரு கையும் போதாது;
மூன்றில் இரண்டு பங்கு.
வந்திருந்தோர் முப்பத்துமூன்று, தேவை இருபத்திரண்டு.

"மார்ச் முடிவை ஆதரித்தவள் நான்"
என்றுதான் தொடங்க வேண்டும், அது முறை.
பல் துலக்கும்போதெல்லாம் பழகியிருந்தேன்.
அப்படியும் மீன்முள்ளாய்க் குத்தியது.

கொடுத்த பணம்? என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.
வெல்டர் முஸா செலேவுக்கு முன்பணம் ஒன்பதாயிரம்.
"கறந்த பால் மடி ஏறாது," என்றார் மூட்லி,
"செலவாகாத முப்பத்தொன்பதைத்தான் நாம் தொடலாம்."

கைகள்.
மூட்லி பென்சில் நுனியால் எண்ணினார்.
இருபத்தொன்று.
கோனசீலன் தன் சப்பாத்தைப் பார்த்தார்.
"செயலாளரே,
அது கையா, இல்லை எழுதுகிறீர்களா?"
பேனா பிடித்த கை, தோளுயரம்கூட வரவில்லை.
பேனாவைக் கீழே வைத்தேன்.
தூக்கினேன்.

மார்ச் பக்கத்தை அடிக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது.
நிறைவேறியது அங்கேயே கிடக்கும்.
இன்றைய பக்கத்தில் வேறொரு வரி, கியர் பெட்டி என்று.
இரண்டும் என் கையெழுத்து, இரண்டிலும்
'ற' கொஞ்சம் சாய்ந்திருக்கிறது.

சனிக்கிழமை முஸா வந்து இறக்கினார்
ஒன்பதாயிரத்துக்கு வெட்டி முடித்ததை:
என் முழங்கால் உயரத்துக்கு ஓர் ஐ,
ஒரு க.
பிறகு சட்டைப் பைக்குள் துழாவி
"இது எங்கே ஒட்டுவது என்று
நீங்கள் சொல்லவே இல்லையே" என்று
ஒரு புள்ளி.

எழுத்துகள் வண்டிக் கொட்டகையில் சாய்ந்திருக்கின்றன,
புது கியர் பெட்டி வந்த அட்டைப்பெட்டிக்குப் பின்னால்.
புள்ளி என்னிடம்.
மின்விசிறி சுழலும் நாட்களில்
குறிப்பேட்டின் மேல் வைக்கிறேன்.