முப்பத்தைந்து மில்லிமீட்டர் பச்சை

அரவேணுவில் ரோட்டிலிருந்து என் வீட்டுக்கு
இருபத்தெட்டு அடி இறக்கம்.
கார் ஒருமுறை இறங்கும்,
மழை நாளெல்லாம் இறங்கும்.
ஐப்பசியில் ஷெட்டுக்குள் முதலில் வருவது செம்மண்,
பின்னால் யாரோ வீசிய வர்க்கி கவர்,
அப்புறம்தான் நான், செருப்பைக் கையில் பிடித்தபடி.

இரண்டு ஓரமும் புல் வைத்துப் பார்த்தேன்.
சில்வர் ஓக் நிழலில் ஒரு பக்கம் மஞ்சளாகிச் செத்தது.
மறுபக்கத்தைக் காட்டுப்பன்றி
ஒரே ராத்திரியில் உழுதுவிட்டுப் போனது.

கோயம்புத்தூரிலிருந்து ஜெயசிம்மன் வந்தார்,
பெட்டி நிறைய பச்சைத் துண்டுகள்.
"முப்பத்தஞ்சு எம்.எம். மேடம், அடியில பூரா ஓட்டை,
எவ்வளவு ஊத்தினாலும் நிக்காது."
ஹாலிலேயே ஒரு துண்டைப் போட்டு
பாட்டில் தண்ணீரைக் கவிழ்த்துக் காட்டினார்.
நிற்கவில்லை. உண்மைதான்.
என் தரைதான் நனைந்தது.
அதை அப்போதே யோசித்திருக்கலாம்.

புரட்டாசிக் கடைசியில் சன்னாசியும் அவர் தங்கை பவுனும்
ஓரங்களை முழங்கை ஆழம் தோண்டினார்கள்.
துணி சுற்றிய ஓட்டைக் குழாய்,
அதன்மேல் முக்கால் ஜல்லி, பொடி ஜல்லி,
கிரஷர் மண், கறுப்புத் துணி.
எல்லாவற்றுக்கும் மேலே
உரமும் வெயிலும் கேட்காத அந்தப் பச்சை,
அறுத்து, இழுத்து, ஆணியடித்து.

குழாய் கீழ் மதில்வரை வந்தது.
ஜல்லிச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு பவுன் கேட்டாள்:
"அக்கா, இதோட வாயை எங்க திறக்குறது?"

காட்டினேன். வேறெங்கே.
மதில் கல் ரெண்டு விலகிய இடம்,
நான் வீடு கட்டும் முன்பிருந்தே தண்ணீர் போகிற இடம்.
அவள் எட்டிப் பார்த்தாள்.
"அங்க எங்க அடுப்படி இருக்கு" என்றாள்,
இன்றைக்கு நல்ல வெயில் என்று சொல்வதுபோல.

கொட்டேஷனை எடுத்துப் பார்த்தேன்.
பதினோரு வரி.
ஒரு வரியும் என் மதிலைத் தாண்டவில்லை.
ஜெயசிம்மனுக்கு போன் போட்டேன்.
"ஸ்லோப் இருக்குல்ல மேடம், தானா போயிடும்."
தானா என்கிற ஊருக்குப் பின்கோடு என்ன என்று
கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

ஹைட்ரேஞ்சியாப் பாத்தியைப் பாதி பிடுங்கி
உறிஞ்சுகுழி எடுப்பதென்று முடிவானது.
ஆறடி ஆழம். பதினெட்டாயிரம் கேட்டார்கள்.
பதினைந்துக்கு முடித்தேன்.
அவள் அடுப்படிக்காக அவளிடமே பேரம் பேசினேன்,
இதையும் எழுதிவிட வேண்டும்.

பிறகு அந்தச் சனிக்கிழமை.
நூற்றுப்பதினொரு மில்லிமீட்டர்
என்று டீ ஃபேக்டரி வாட்ச்மேன் மறுநாள் சொன்னார்.
குடையும் டார்ச்சுமாக ஷெட்டில் நின்றேன்.
பச்சை நாரெல்லாம் ஒரே பக்கம் படுத்துக்கொண்டது,
தண்ணீர் சத்தமில்லாமல் உள்ளே போனது.
ஷெட் உலர்ந்திருந்தது. வாசல் உலர்ந்திருந்தது.
கொடுத்த காசுக்கு ஒரு சொட்டும் வரவில்லை.

இரண்டு மணிக்குக் குழி நிறைந்தது.
மதில் இடுக்கில் பழைய வழியே,
முன்னைவிட மெலிந்து,
ஆனால் பழைய வழியே.
கீழே ஒரு விளக்கு எரிந்தது.
அலுமினியப் பாத்திரம் ஒன்றை
யாரோ தரையில் இழுக்கும் சத்தம்.
டார்ச்சை அணைத்தேன்.

விடிந்தபோது காட்டெருமை வந்து போயிருந்தது.
ஒரு மூலையைக் கடித்து இழுத்துப் பார்த்து
வேண்டாமென்று விட்டிருந்தது,
எச்சில் காயாமல் நுரைத்துக் கிடந்தது.

திங்கட்கிழமை பாக்கி வாங்கப் பவுன் வந்தாள்.
"உள்ளே வந்ததா?"
"பாதி" என்றாள்.
எண்ணி வைத்திருந்த கவரில்
இன்னும் மூவாயிரம் திணித்து நீட்டினேன்.
அவள் எண்ணவில்லை.
தூக்கிக்கொண்டிருந்த மூலையைப் பார்த்தாள்.
"இதுக்கு ஆணி பத்தாது. சுத்தி இருக்கா?"

கொண்டுவந்து கொடுத்தேன்.
அவள் அடித்தாள்.
பச்சை எழும்பாமல்
நான் காலால் மிதித்துக்கொண்டு நின்றேன்.