விரலை எடுத்துவிட்டு மீண்டும் வைக்கவும்

சின்னப்பாளையம் கரையில்
முதல் நாளே எங்களைக் கைவிட்டது கருவி.
பூமயிலின் சுட்டுவிரலில் மாட்டியதும்
திரையில் ஒரு கோடு நடுங்கியது,
படுத்துக்கொண்டது.
பிறகு எழுத்து வந்தது:
விரலை எடுத்துவிட்டு மீண்டும் வைக்கவும்.

எந்த விரலை?
அஞ்சு மணி நேரம் உப்பில் ஊறி
பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசி பிய்த்து
பிய்த்த இடமெல்லாம் தானும் கிழிந்து
சேலைத் துண்டு சுற்றி, மேலே ரப்பர் வளையம் மாட்டி
அவர் நீட்டிய பத்தும்
எங்கள் பாடப்புத்தகப் படத்தில் இல்லை.
அதில் இருப்பது நகம் வெட்டிய, உலர்ந்த,
வேலைக்குப் போகாத ஒரு விரல்.

கீழக்கரையில், ஆய்வகத்தில்
எங்கள் விரல்களைத்தான் வைத்துப் பார்த்தோம்.
தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது என்று
எல்லாருக்கும் டிஸ்டிங்ஷன் போட்டது.

நான் தௌலத் பரீதா.
பயோமெடிக்கல், நாலாம் ஆண்டு, மாணவர் சங்கச் செயலாளர்.
தலைமை என்றால் என்னவென்று கேட்பவர்களுக்கு:
வனத்துறைக்கு மூன்று கடிதம், பேருந்துக்கு ஒன்று.
துறைத்தலைவர் ஊரில் இல்லாத நாளில்
முத்திரை இருக்கும் அலமாரியின் சாவி
யாரிடம் என்று தெரிந்திருப்பது.
வல்லத்தில் சேதுராக்கு வாந்தியெடுக்கையில்
லேப்டாப்பைத் தூக்கிப் பிடிப்பது.
அப்புறம் அவளையும் பிடித்தேன்.
வரிசை தப்புதான்.

பதினேழு பெண்கள்.
மூழ்கி எழும் மூச்சுக்கு மூச்சு
ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு இறங்குகிறது,
இதுதான் கேள்வி.
பதினொரு பேருக்குக் கோடே வரவில்லை.
இரண்டாம் ரிவ்யூவில் சொன்னார்கள்:
நாய்ஸ். நீக்கிவிட்டு
மிச்சம் ஆறை வைத்து கிராஃப் போடுங்கள், அழகாக வரும்.
அழகாகத்தான் வந்தது.
அந்த ஆறு பேரில் நாலு பேர்
அந்த வாரம் கடலில் இறங்காதவர்கள்.

இரவு ஹாஸ்டலில் இன்பென்டா
பதினொரு வரிசையையும் நீலமாக்கி வைத்திருந்தாள்.
அழிக்கும் பொத்தான்மேல் அவள் விரல்.
காய்ந்த விரல்.
"செயலாளரே, நீ சொல்லு."
டீ குடித்துவிட்டு வரலாம் என்றேன்.
அவ்வளவுதான் அன்றைய முடிவு.

அடுத்த அமாவாசைத் தண்ணி வற்றியபோது மறுபடி போனோம்.
பூமயில் கரையேறி
காலில் கட்டிய தகரத் தட்டை அவிழ்த்து
தலைத்துணியை உதறினார்.
காதில் தோடு இல்லை.
துளை தூர்ந்துவிடாமல் ஒரு வேப்பங்குச்சி.
கேட்கக்கூடாது என்று தெரிந்தும் சேதுராக்கு கேட்டாள்.
"பேங்குல இருக்கு. பங்குனிக்குள்ள திருப்பணும்."

குச்சியை உருவிவிட்டு
அந்தக் காதிலேயே கிளிப்பை மாட்டினோம்.
கோடு எழுந்தது. விழுந்தது. எழுந்தது.
எண்பத்தொன்று.
நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.
மூச்சு வாங்கிக்கொண்டே அவர் கேட்டார்,
"பாஸா?"

லூர்தம்மாள் மட்டும் தோட்டைத் தொட விடவில்லை.
"கழட்டுனது எதுவும் இந்தக் காதுக்குத் திரும்பி வந்ததில்ல."
அதனால் மேல்காதுக்கு வளைத்தோம் கிளிப்பை.
மூன்று வாரம் போனது,
இரண்டு அச்சு உடைந்தது,
கோடு கொஞ்சம் மெலிந்தது.
மெலிந்தாலும் வருகிறது.

பழைய பதினொன்றை அழிக்கவில்லை.
அட்டவணையில் அவை இருக்கின்றன, எண் இல்லாமல்.
குறிப்பு என்ற கட்டத்தில் நாய்ஸ் என்று எழுதாமல்
இப்படி எழுதினேன்:
விரல் வேலைக்குப் போயிருந்தது.

சிவப்பு மையில் வட்டம் போட்டு
பக்கத்தில் ஒரு கேள்விக்குறியோடு வந்திருக்கிறது.
பதில் இன்னும் எழுதவில்லை.
நாளைக் காலை தண்ணி வற்றுகிறது,
பேருந்துக் கடிதத்தில் கையெழுத்து ஆகவில்லை,
சாவி யாரிடம் இருக்கிறதென்று
விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.