தொழில்: தேர்வு செய்க

முஸஃபாவில் டயர் கடைக்கும் கஃப்தீரியாவுக்கும் நடுவில்
எங்கள் டைப்பிங் சென்டர்.
ஏசி சொட்டும் இடத்தில் ஒரு பெயிண்ட் வாளி.
எட்டு வருஷமாக இங்கே உட்கார்ந்து
ஆட்களுக்குத் தொழில் போட்டுக்கொடுக்கிறேன்.

அம்புக்குறியை அழுத்தினால் பட்டியல் இறங்கும்.
ஒட்டகம் மேய்ப்பவர் உண்டு,
ராஜாளி பழக்குபவர் உண்டு.
இருளாண்டி செய்வது இல்லை.

ஓடுகிற பம்பின் மேல் ஸ்குரூடிரைவர் நுனி,
கைப்பிடி காதுக்குப் பின்னெலும்பில்.
கண்ணை மூடிக்கொண்டு
"மூணாவது பேரிங். பத்து நாள் தாங்கும்" என்பாராம்.
பழைய கம்பெனியில் அதிர்வு அளக்கும் கருவி
ஒன்பதாம் நாள் வரை பச்சையில்தான் இருந்ததாம்.
கம்பெனி மூடும்வரை, பதினொரு வருஷம்,
அட்டையில் ஹெல்பர்.

"இந்தத் தடவையாச்சும் வேற போடுங்க தம்பி."

சான்றிதழ்?
ஐடிஐ பாதியில் நின்றது.
தூதரக முத்திரை, அமைச்சக முத்திரை எல்லாம் இருக்கிறது,
குத்துவதற்கு ஒரு காகிதம் வேண்டுமே.
மார்பை எக்ஸ்ரே எடுத்தாயிற்று,
பத்து விரலும் கண்பாவையும் வாங்கியாயிற்று.
காதை மட்டும் யாரும் கேட்கவில்லை.

தப்புச் சொல்ல மாட்டேன்.
ஒவ்வொரு விமானத்திலும் இத்தனை கைகள் வந்து இறங்கினால்
எது எதற்கென்று
ஒரு நாடு வேறு எப்படித்தான் தெரிந்துகொள்ளும்?
சொல்லப்போனால் என் அட்டையில்
நான் மீன் வெட்டுபவன்.
எம்.காம். படித்திருக்கிறேன்.
அந்த வருஷம் கோட்டா காலியாயிருந்தது
முதலாளியின் மச்சான் மீன்கடையில்தான்.
இதுவரை ஒரு மத்தி ஆய்ந்ததில்லை.

மந்தூப் ஷம்சீர் கார் சாவியால் மேசையைத் தட்டினான்:
"சாதாரணத் தொழிலாளின்னு போட்டு விடு சேட்டா,
பத்து மணிக்கு சிஸ்டம் தொங்கிடும்."
போட்டேன்.
பச்சை நிறத்தில் ஒரு டிக் வந்தது.

இருளாண்டி ரசீதை நாலாக மடித்துச்
சட்டைப் பையில் வைத்தார்.
கோபமில்லை. எனக்குத்தான் அது கஷ்டமாக இருந்தது.
போகிற வழியில் நின்று
என் பேனாவைக் கேட்டு வாங்கி
ஏசியின் வயிற்றில் ஊன்றிக் காதை வைத்தார்.
"இருபது நாள்."

சான்றிதழ் உள்ள மெக்கானிக் போன வாரம் வந்தான்.
ஃபில்டரைத் தட்டிப் போட்டுவிட்டு
ஒன்றுமில்லை என்று எழுதிக்
கையெழுத்து வாங்கிப் போனான்.

இன்று பத்தொன்பது.
வாளியை
நான் இன்னும் எடுக்கவில்லை.