பதின்மூன்றாம் அத்தியாயத்தில் நான் தூங்கிவிட்டேன்

கொட்பே ஐஸ் பெக்டரியில் எனக்கு இரவுவேலை.
அச்சில் தண்ணீர் இறுக விடியும்.
ஒரு காதில் கொம்பிரசர்,
மற்றக் காதில் 'ஒன்பது திறப்புகளின் நாடு', நாலாம் பாகம்.
வாசிக்கிறவர் யாரோ.
அத்தியாயம் முடிய ஒரு மிடறு தண்ணீர் குடிப்பார்,
அதை வெட்ட மறந்துவிட்டார்கள்.
அந்த மிடறுக்காகத்தான் கேட்கிறேன் என்று
இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை.

"கேக்கிறதெல்லாம் கணக்கில்ல" என்பாள் ரிஸ்மியா.
அவளுக்குப் புத்தகமென்றால் தாள்.
கொழும்பிலிருந்து ஒரேயொரு பிரதி வரும்.
முதலில் அவள், பிறகு யூஜின்,
பிறகு உவர்மலைக் கஜரூபன்.
கஜரூபன் பக்கமூலையை மடித்ததற்கு
இரண்டு மாதம் அவள் அவனோடு கதைக்கவில்லை.
யூஜின் கடைசிப் பக்கத்தை முதலில் வாசிப்பான்,
வாசித்துவிட்டு முகத்தை ஒரு மாதிரி வைத்திருப்பான்.
அந்த முகத்தைப் பார்த்தே
யார் சாகப்போவதென்று பந்தயம் பிடிப்போம்.
இரண்டாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தைக்
கோட்டை வாசலில் மான் தின்றுவிட்டது.
அந்த ஒரு புத்தகத்தைத்தான் யூஜின்
முதலிலிருந்து வாசித்தான்.

ஞாயிறு பின்னேரம் டச்பே மணலில்
இறால் வடையும் வம்பும்.
எழுதியவர் செத்து இரண்டு வருடமாம்,
மருமகன்தான் எழுதுகிறானாம்.
இல்லை, உயிரோடுதானாம், முழங்கால் ஒப்பரேசனாம்.
வாசிக்கிற குரலுக்கும் மொழிபெயர்த்த மனுசிக்கும்
ஏதோ இருக்காம்,
இருந்ததாம்,
அதனால்தான் மூன்றாம் பாகத்தில் அந்தக் குரல்
காதல் வருமிடமெல்லாம் இருமுகிறதாம்.
எல்லாமே 'ஆம்'.
அலை வந்து வடைக் கடதாசியை எடுத்துப்போகும்.

அந்தமுறை பிரதி வரப் பிந்தியது.
கேட்டவள் நான் மட்டும்.
"பதின்மூண்டில என்ன நடந்தது?"
மூன்று பேரும் என் வாயைப் பார்க்கிறார்கள்.
பதின்மூன்றில் நான் தூங்கிவிட்டேன்.
மீன் லொறி ஹோர்ன் அடித்து எழும்பியபோது
பதினைந்து ஓடிக்கொண்டிருந்தது.
திருப்பிக் கேட்க டேட்டாவும் இல்லை.
முதல்முறையாக நான் கணக்கில் இருந்தேன்.
சொன்னேன்:
படகுக்காரி நெய்தா கடைசித் திறப்பை
கண்ணாடி நாகத்தின் நாக்கில் வைத்துவிட்டுக்
கிணற்றில் விழுந்தாள்.
கஜரூபன் வடையைக் கீழே வைத்தான்.
யூஜின் எழும்பிப்போய்க் கடலைப் பார்த்தபடி நின்றான்.

ஆறு கிழமை கழித்து மூதூர் படகில்,
முன்பின் தெரியாத ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை
பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்கிறாள்:
"நெய்தா விழேக்க
ஒத்தச் செருப்பு மட்டும்
மேல மிதந்திச்சாம்."
செருப்பை நான் சொல்லவில்லை.
உப்புக்காற்றில் கைமயிர் குத்திட்டு நின்றது.
அந்தப் பிள்ளையைத் திருத்த வாய் வரவில்லை,
எனக்கே தொண்டை அடைத்திருந்தது.

புத்தகம் வந்தது.
பதின்மூன்றாம் அத்தியாயத்தில்
நெய்தா மீன்குழம்பு சாப்பிடுகிறாள்.
படகு வாடகைக்குச் சண்டை பிடிக்கிறாள்.
படுக்கிறாள்.
அவ்வளவுதான், பதினெட்டுப் பக்கம்.

இரவு பத்துமணிக்கு
ஐஸ் பெக்டரி கேற்றில் ரிஸ்மியா,
கையில் நாலாம் பாகம், விரல் பக்கத்துக்குள்.
வோச்சர் என்னைக் கூப்பிட்டான்.
ஏச்சு வாங்கத் தயாராகத்தான் போனேன்,
நனைந்த கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு.

அவள் புத்தகத்தை நீட்டவில்லை.
கொஞ்சநேரம் கொம்பிரசரைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.
பிறகு, மெல்ல,
"அந்தச் செருப்பு
எந்தக் கால்?"

எனக்குத் தெரியாது, ரிஸ்மியா.
மூதூர்ப் பிள்ளையைத்தான் கேட்கவேண்டும்.