இரண்டு மில்லிமீட்டர்

இசிப்பிங்கோ கிடங்கில் துப்பாக்கிச் சத்தம் என்று
இரவு பதினொன்றுக்குத் தொலைபேசி.
மூன்று முறை, இடைவெளி விட்டு.
போலீஸ் வந்து டார்ச் அடித்துப் பார்த்து
குண்டுமில்லை, துளையுமில்லை என எழுதிக்கொண்டு போய்விட்டது.
துளை இருக்கிறது, ஐயா. நானூறுக்கு மேல்.
போட்டது நாங்கள்.

காவலாளி பெக்கிதெம்பா
நாற்காலியை வாசலுக்கு வெளியே இழுத்துப் போட்டிருந்தார்.
"கூரை பேசுகிறது அம்மா. நான் உள்ளே வருவதாயில்லை."

பகல் முழுக்க மலைக்காற்று, அடுப்பு வாயைத் திறந்தாற்போல.
பத்து மணிக்குத் தென்மேற்கு வந்து அதைக் கன்னத்தில் அறைந்தது.
டர்பனில் பிறந்தவர்களுக்குப் பழக்கம்தான்,
கொடியில் காய்வதெல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போகும்.
இந்தக் கட்டடத்துக்கு ஆறு வயது. இவ்வளவு பெரிய அறை
இதுவரை வாங்கியதில்லை.

ஏணி ஏறினேன்.
நான்காம் தூண், குறுக்குச்சட்டம் வந்து சேரும் முனை.
எட்டு போல்ட். தட்டினேன்.
எட்டும் மணிபோலச் சொன்னது: இறுக்கம் குறையவில்லை.
(தட்டிக் கேட்பதால் பட்டறையில் எனக்கு
மரை கழன்றவள் என்று பெயர்.)
ஆனால் தகட்டோரம் பெயின்ட் கிழிந்து
நகக்கண் அகலத்துக்கு
வெறும் உலோகம், அப்போதுதான் பிறந்ததுபோல்.

போல்ட்தான் சுமக்கிறது என்று
வரைபடம் பார்க்கிற பிள்ளைகள்கூட நினைக்கிறார்கள்.
நட்டைத் திருகத் திருக
தண்டு மயிரிழை நீளும்.
நீண்டது பழைய அளவுக்குத் திரும்பத் துடிக்கும்,
திரும்ப விடமாட்டோம்.
அந்தத் துடிப்பு, ஒன்றுக்கு இருபது டன்,
தகட்டைத் தகட்டோடு வைத்து நெரிக்கும்.
காற்று தள்ளுகிற தள்ளெல்லாம்
தோலிலிருந்து தோலுக்குக் கடந்து போகும்.
துளையின் சுவரை போல்ட் தொடுவதுகூட இல்லை,
நடுவில் இரண்டு மில்லிமீட்டர் வெற்றிடம்.

இறங்கி வந்து என் அரைகுறை ஜூலுவில் இதைச் சொன்னேன்.
பெக்கிதெம்பா புருவம் உயர்த்தினார்.
உள்ளங்கைகளைச் சேர்த்து அழுத்திக்கொண்டு
"ஒன்றை உருவுங்கள்" என்றேன்.
உருவினார். வரவில்லை.
அவருடைய ரொட்டியிலிருந்து மார்ஜரின் வழித்து
இரண்டு கையிலும் பூசிக்கொண்டு, "இப்போது."
நாற்காலியோடு பின்னால் போனார்.

பூசியது ருங்கன்.
பளபளக்கும் சாம்பல் பெயின்ட், இரண்டு பூச்சு.
"ஓர் இடம் விடலை அக்கா" என்று அன்றைக்குச் சொன்னான்.
விட வேண்டிய இடம் ஒன்றுதான் இருந்தது,
தகடும் தகடும் முகம் பார்க்கிற இடம்.
மணல் பீய்ச்சிச் சொரசொரப்பாக
அசிங்கமாக விட்டிருக்க வேண்டியது.
நான் வந்தபோது மூடியிருந்தார்கள்.
நட்டுகளை ஒவ்வொன்றாய்ச் சோதித்தேன்.
இடுக்கில் என்ன என்று கேட்கவில்லை.
வெள்ளிக்கிழமை, மூன்றரை மணி.

"விழுமா?"
"விழாது. வழுக்கிப்போய்
போல்ட்டின் விலாவில் சாய்ந்து நிற்கிறது.
இனி சுமப்பது போல்ட்டேதான்,
வெட்டுப்படாமல் பல்லைக் கடித்துக்கொண்டு.
நாளை ஒவ்வொரு முனையாகத் திறந்து, சுரண்டி,
புது போல்ட் போட வேண்டும்.
ஒருமுறை முழுசாக நீண்டதை
மறுபடி நம்புவதில்லை."
"இன்றிரவு சத்தம்?"
"காற்று இந்தப் பக்கமே இருந்தால் இல்லை.
திரும்பினால் அதுவும் திரும்பும்."

நாற்காலியை இன்னும் இரண்டடி தள்ளிப் போட்டார்.
எனக்கு ஒரு பால்கூடை.

முழங்காலில் படிவம். அவர் டார்ச் பிடித்தார்.
முன்பு சோதித்தவர்: மோகாம்பாள் வீராசாமி.
இப்போது சோதிப்பவர்: மோகாம்பாள் வீராசாமி.
விரல் வைத்துப் படித்தார். "மேலே இருப்பது யார், உறவா?"
"தூரத்துச் சொந்தம்."
மார்ஜரின் கறை தாளில் பட்டு
அவள் பெயருக்குப் பின்னாலிருந்த எழுத்துகள் தெரிந்தன.

கொடிமரத்துக் கயிறு படபடப்பதை நிறுத்தியது.
இருவரும் நிமிர்ந்தோம்.