பதினான்காம் எண்

வேலந்தாவளம் சோதனைச்சாவடி தாண்டி
மூன்றாவது கிலோமீட்டர், ஆறுச்சாமியின் தோப்பு.
கரிசலுக்குள் முழங்கை ஆழத்தில்
இருபத்திரண்டு சென்சார் புதைத்தேன்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு சிம்.
காற்றில் மட்டை அசைந்தால் போதும்,
கேரள டவரிலிருந்து எங்கள் டவருக்குத் தாவும்.
டவர் எதுவோ செய்தியும் அந்த மொழியில்:
சில நாள் ஈரம்,
சில நாள் ஈர்ப்பம்.

ஏப்ரலில் பதினான்காம் எண் மட்டும் பொய் சொன்னது.
தினமும் பகல் ஒன்று பத்துக்கு
பதினெட்டிலிருந்து நாற்பத்தொன்றுக்கு ஒரு துள்ளல்.
வால்வு அதை நம்பி
வாயை மூடிக்கொண்டது.
பதினோரு மரம் குரும்பை உதிர்த்தது.

சென்சாரை மாற்றினேன். புதியதும் அதையே சொன்னது.
மென்பொருளைப் புதுப்பி என்றது கம்பெனி.
புதுப்பித்தேன்.
ஒன்று பத்து. நாற்பத்தொன்று.

மோட்டார் ரூமில் ஒருநாள் காத்திருந்தேன்.
மட்டை பொறுக்கும் வேலாத்தாள் வந்தாள்,
சாப்பிட்டாள், தூக்குப்போசியை அலசினாள்,
வாய் கொப்பளித்தாள்,
மிச்சத் தண்ணீரைக் காலடியில் சாய்த்தாள்.
"இங்கதானுங்க நெழலு" என்றாள், நான் கேட்காமலே.
சிந்திய பருக்கைக்கு ஒரு மைனா.

அன்றிரவு பழைய வரைபடத்தைத் திறந்தேன்.
மார்ச் ஒன்பது: கோடு தட்டை.
பத்தும் பதினொன்றும் தட்டை.
பன்னிரண்டில், இரண்டே காலுக்கு, ஒரு சின்ன மேடு.
கேட்டதற்குச் சொன்னாள்:
"மகளைப் பாலக்காட்டு ஆஸ்பத்திரீல வெச்சிருந்தேனுங்க."
என் போனில்தான் இருந்திருக்கிறது,
ஒரு மாதத்துக்கு மேலாக, எண்ணாக.

விஷயம் கேட்டு ஆறுச்சாமி விழுந்து சிரித்தார்.
சிரித்து முடித்துக் கொஞ்சம் யோசித்தார்.
"அப்ப யாரு எத்தன மணிக்கு உக்கார்றாங்கன்னு
இதுலயே பாத்துக்கலாமுங்களா?"

மறுநாள் விடியலில் தோண்டி எடுத்தேன்.
கம்பியில் அப்பிய மண் ஜில்லென்று,
லேசாக மோர் வாசத்தோடு.
நாலு மரம் தள்ளி, வெயிலில் நட்டேன்.
பில்லில் எழுதியது: பழுது நீக்கம், ஒன்று.

பதினான்கு இப்போது உண்மை பேசுகிறது.
வால்வு திறக்கிறது, குரும்பை நிற்கிறது.
ஆனாலும் எங்கிருந்தாலும் ஒன்று பத்துக்கு
விரல் போனைத் தேடிப் போகிறது.
கோடு தட்டை.
இரண்டு மொழியிலும் தட்டை.
அவள் சாப்பிட்டாளா என்று
அதற்குத் தெரியாது இப்போது,
எனக்கும்.